நாற்சந்தியில் ஒரு சனிக்கிழமை: கோல்டு கோஸ்ட், 1948

மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ரா நகரத்துக் கடலோரத்தில், ஓசு என்ற பகுதியில், வெள்ளையடித்த பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. டென்மார்க்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. பெயர் கிறிஸ்டியான்ஸ்போர்க். 1948இல் அங்கே குடியிருந்தவர் பிரிட்டிஷ் ஆளுநர். அந்த ஆண்டு பிப்ரவரி 28, சனிக்கிழமை பிற்பகல், கோட்டைக்குப் போகும் வழியிலுள்ள நாற்சந்தியில் காலின் இம்ரே என்ற போலீஸ் அதிகாரி, தன் காவலர் ஒருவரின் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கித் தானே சுட்டார். எதிரே நின்ற கூட்டத்தின் கையில் துப்பாக்கி இல்லை. ஒரு மனு இருந்தது.

சார்ஜென்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, பிரைவேட் ஒடார்ட்டே லாம்ப்டே என்ற மூன்று முன்னாள் படைவீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்தில், கோல்டு கோஸ்ட் என்ற அந்த பிரிட்டிஷ் காலனி முழுக்க இறந்தவர்கள் 29 பேர், காயமடைந்தவர்கள் 237 பேர். அந்தச் சனிக்கிழமைக்கு ஒன்பது ஆண்டுகளும் ஆறு நாளும் கழித்து, 1957 மார்ச் 6 அன்று, அந்த நாடு கானா என்ற பெயரோடு விடுதலை பெற்றது.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதும் பலரும் அந்தத் துப்பாக்கியிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் ஒரு துணிக்கடையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். துப்பாக்கிச் சூட்டை மட்டும் பார்த்தால் அது போலீசுக்கும் ஊர்வலத்துக்கும் நடந்த மோதலாகத் தெரியும். கடையிலிருந்து பார்த்தால்தான் ஒரு நாடு முழுவதும் ஏன் அன்று தெருவுக்கு வந்தது என்பது விளங்கும்.

விலை

போர் முடிந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. கோல்டு கோஸ்டில் துணி, சர்க்கரை, மாவு, மண்ணெண்ணெய், டின்னில் அடைத்த மீன், இறைச்சி என்று கப்பலில் வந்து இறங்க வேண்டிய எதுவும் போதுமான அளவு வரவில்லை. வந்தவற்றைக் கையில் வைத்திருந்தவை சில ஐரோப்பிய நிறுவனங்கள். அவற்றில் மிகப் பெரியது யூனிலீவர் குழுமத்தைச் சேர்ந்த யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி. இந்த நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருந்த மேற்கு ஆப்பிரிக்க வணிகர் சங்கத்தை அதன் ஆங்கில முதலெழுத்துகளால் ‘அவாம்’ என்பார்கள். கானாவின் பேச்சு வழக்கில் அந்தச் சொல் பின்னாளில் ஏமாற்று, மோசடி என்ற பொருளிலேயே புழங்க ஆரம்பித்தது. வணிகர் சங்கத்தின் பெயர் ஒரு வசைச் சொல்லாக மாறியிருக்கிறது என்றால், கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்ற மக்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

சரக்கு கம்பெனியின் கிடங்கிலிருந்து சந்தைப் பெண்களிடம் வரும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. கேட்ட துணி வேண்டுமானால், கேட்காத, விலைபோகாத சரக்கையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் அவள் விலை சொல்வாள். அரசு நிர்ணயித்த கட்டுப்பாட்டு விலை காகிதத்தில் இருந்தது, வீட்டுக்குச் சரக்கு வந்ததோ கள்ளச்சந்தை விலையில்.

இதற்கு எதிராக முதலில் எழுந்தவர் அரசியல் கட்சிக்காரர் அல்ல. நீ குவாபேனா பொன்னே, கா இனத்தைச் சேர்ந்த ஓசு வட்டாரத் தலைவர், சொந்தமாக வியாபாரமும் செய்தவர். 1947இன் பிற்பகுதியில் விலையேற்ற எதிர்ப்புக் குழு ஒன்றை அமைத்தார். மற்ற ஊர்களின் தலைவர்களைப் பார்த்துப் பேசி ஆதரவு திரட்டினார். 1948 ஜனவரி 26இல் புறக்கணிப்பு தொடங்கியது. ஐரோப்பியக் கடைகளிலும் சிரிய, லெபனான் வணிகர் கடைகளிலும் இறக்குமதிச் சரக்கு வாங்குவதில்லை என்று முடிவு. ஊர்த் தலைவர்களின் ஆதரவு இருந்ததால் மீறி வாங்கியவர்களுக்கு ஊர் மன்றங்களில் அபராதம்கூட விழுந்தது. காலனி ஆட்சி தன் வசதிக்காக வளர்த்துவிட்ட தலைவர் முறையே அதன் வணிகத்தை ஒரு மாதம் முடக்கிப் போட்டது.

அரசு நடுவில் நின்று பேசியதில், பிப்ரவரி 20 அன்று ஓர் உடன்பாடு வந்தது. கம்பெனிகள் தங்கள் மொத்த லாப விகிதத்தை 75 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்கும். மூன்று மாதம் சோதனை. புறக்கணிப்பு 28ஆம் தேதி முடியும்.

இந்த ஆண்டின் திறவுகோல் என்று நான் நினைப்பது இந்த எண்கள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ஷில்லிங் அடக்கவிலைச் சரக்கு 175க்கு விற்றது, இனி 150க்கு விற்கும். கடைக்கு வருபவர் கண்ணில் படுவது ஏழில் ஒரு பங்குக் குறைவு, அதாவது சுமார் 14 சதவீதம். அதுவும் எல்லாச் சரக்குக்கும் இல்லை. ஆனால் தெருவில் பரவிய சேதி என்ன? ‘ஐம்பது சதவீதம் குறைக்கிறார்கள்.’ பாதி விலை என்றுதான் மக்கள் புரிந்துகொண்டார்கள். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்காமல் இருந்தவர்கள், அந்தச் சனிக்கிழமை காலை காசை முடிந்துகொண்டு கடைக்குப் போனார்கள். விலைச்சீட்டைப் பார்த்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

உடன்பாட்டின் கணக்கை ஊர் ஊராக, அந்தந்த மொழியில், ஒரு துணியின் பழைய விலை, புதிய விலை என்று எடுத்துச்சொல்ல அரசுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. அப்படித் தெளிவாகச் சொல்லியிருந்தால் அன்றைய கோபத்தில் ஒரு பகுதியாவது தணிந்திருக்கும் என்பது என் துணிபு.

மரம்

நகரத்துக்கு விலை என்றால் கிராமத்துக்குக் கோகோ. உலகத்திலேயே அதிகம் கோகோ விளைவித்த நாடு அப்போது கோல்டு கோஸ்ட். பெரிய தோட்ட முதலாளிகள் இல்லாமல், சிறு விவசாயிகளே காட்டைத் திருத்தி நட்டு வளர்த்த பயிர் அது. 1937-38இல் ஐரோப்பியக் கம்பெனிகள் கூடிப் பேசி விலையை அமுக்கியபோது, அறுவடையை விற்காமலே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தவர்கள் இந்த விவசாயிகள். 1948 புறக்கணிப்புக்கு அதுதான் முன்னோடி.

1936இல் அந்த மரங்களில் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. தண்டு வீங்கும், இலை வெளுக்கும், சில ஆண்டுகளில் மரம் செத்துவிடும். வைரஸ் நோய், மாவுப்பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தை வெட்டுவது ஒன்றே வழி என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள், அதில் தவறில்லை. போருக்குப் பிறகு அரசு ஆட்களை அனுப்பிக் கட்டாயமாக வெட்டத் தொடங்கியது.

விவசாயியின் பக்கம் நின்று பார்ப்போம். நோய் கண்ட மரம் உடனே சாவதில்லை, இன்னும் ஓரிரு ஆண்டு காய்க்கும். போர்க்காலம் முழுக்க அடிமாட்டு விலைக்குப் போன கோகோவுக்கு இப்போதுதான் நல்ல விலை வந்திருக்கிறது. அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து கூலிக்கு வந்த ஒரு கூட்டம் காய் தொங்கும் மரத்தை வெட்டிச் சாய்க்கிறது. கொடுத்த ஈட்டுத்தொகை போதவில்லை. புதுக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவன் என்ன செய்வான்? வெள்ளைக்காரன் நம் நாட்டுக் கோகோவை அழித்து வேறெங்கோ வளர்க்கப் பார்க்கிறான் என்ற பேச்சு பரவியதில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. கோகோவை வாங்கும் உரிமை அரசு வாரியத்திடம் இருந்தது. உலகச் சந்தை விலைக்கும் விவசாயிக்குக் கொடுத்த விலைக்கும் நடுவிலிருந்த பணம் லண்டனில் கடன் பத்திரங்களாகக் குவிந்தது. அந்தக் கோகோ ஈட்டிய டாலர், போரில் நொடித்துப்போன பிரிட்டனுக்கு அப்போது பெரிய கைகொடுப்பு. விலைவாசி தாங்காமல் தவித்த விவசாயியின் பணம், விலைவாசியை உயர்த்திவிடும் என்ற காரணம் சொல்லி அவனுக்கே மறுக்கப்பட்டது. அந்தப் பகுதியை எப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள்

பர்மா என்றால் நம் பக்கத்தில் 1942இல் காட்டு வழியே நடந்து ஊர் வந்து சேர்ந்த குடும்பங்களின் கதைதான் நினைவுக்கு வரும். அதே பர்மாவை ஜப்பானியரிடமிருந்து மீட்கப் போன படைகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் 81, 82ஆம் டிவிஷன்களும் இருந்தன. கப்பலில் இந்தியா வந்து இறங்கி, அராக்கான் பகுதிக்கும் கலடான் பள்ளத்தாக்குக்கும் போனவர்கள். வண்டி போகாத காட்டில் வெடிமருந்தையும் அரிசியையும் தலையில் சுமந்து நடந்தார்கள். கோல்டு கோஸ்டிலிருந்து மட்டும் 60,000க்கும் மேற்பட்டோர் இரண்டாம் உலகப் போரில் சேவை செய்தார்கள்.

ஊர் திரும்பியபோது பெரும்பாலானோருக்கு வேலை கிடைக்கவில்லை. ராணுவத்தில் ஓட்டுநராக, மெக்கானிக்காக, சிக்னல் ஆளாகத் தொழில் கற்றிருந்தார்கள், ஊரில் அந்தத் தொழிலுக்கு இடமில்லை. கொடுப்பதாகச் சொன்ன உதவிகள் வந்தபாடில்லை. ஊனமுற்றவர்களின் ஓய்வூதியம் போதாது. அப்புறம், இவர்கள் இந்தியாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்த இந்தியா 1947 ஆகஸ்டில் விடுதலை பெற்றது. இவர்கள் ரத்தம் சிந்திய பர்மா 1948 ஜனவரி 4இல் விடுதலை பெற்றது. ஒரே மாதம் கழித்து, பிப்ரவரி 4இல் இலங்கை. அக்ராவில் துப்பாக்கி வெடிக்க அப்போது இருபத்து நான்கு நாள்தான் பாக்கி.

முன்னாள் படைவீரர் சங்கம் தன் குறைகளை மனுவாக எழுதி ஆளுநரிடம் கொடுக்க முடிவு செய்தது. பிப்ரவரி 20 அன்று பலேடியம் திரையரங்கில் நடந்த அவர்களின் கூட்டத்தில் வழக்கறிஞர் ஜே.பி. டான்குவாவும் குவாமே நிக்ரூமாவும் பேசினார்கள். இருவரும் ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாட்டுக் கட்சியைச் சேர்ந்தவர்கள். அது 1947 ஆகஸ்ட் 4இல் சால்ட்பாண்ட் என்ற ஊரில் தொடங்கப்பட்ட கட்சி. நிக்ரூமா பன்னிரண்டு ஆண்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்துவிட்டு, கட்சியின் செயலாளராக 1947 டிசம்பரில்தான் நாடு திரும்பியிருந்தார். ஊர்வலம் முதலில் 24ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை நடப்பதாக இருந்தது. பிறகு 28க்குத் தள்ளிவைக்கப்பட்டது. புறக்கணிப்பு முடிந்து கடை திறக்கும் அதே நாள். இந்த இரண்டையும் ஒரே நாளில் வரவிடக் கூடாது என்ற எண்ணம் நிர்வாகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

நாற்சந்தி

ஊர்வலத்துக்கு அனுமதி இருந்தது. குறித்த பாதையில் தலைமைச் செயலகம் போக வேண்டும், மனுவை அங்கே கொடுக்க வேண்டும், கலைந்துவிட வேண்டும். வழியில் கூட்டம் பெருகியது. படைவீரர் அல்லாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 2,000 பேர். ஒரு கட்டத்தில் கூட்டம் செயலகப் பாதையை விட்டுக் கோட்டைப் பாதையில் திரும்பியது. எழுத்தரிடம் கொடுத்தால் மனு எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆளுநரிடமே கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

நாற்சந்தியில் இம்ரேயிடம் இருந்தது சிறிய காவலர் குழு. நிற்கச் சொன்னார், நிற்கவில்லை. கண்ணீர்ப் புகை வீசினார்கள், காற்றில் பயன்படவில்லை. கூட்டத்திலிருந்து கற்கள் வந்தன. சுடச் சொன்னார். ஆப்பிரிக்கக் காவலர்கள் உடனே சுடவில்லை. அதன் பிறகுதான் அவர் துப்பாக்கியை வாங்கினார்.

அந்தக் காவலர்களின் தயக்கம் என் மனதில் தங்கிவிட்ட ஒன்று. எதிரே வந்தவர்கள் அவர்கள் வயதுக்காரர்கள், அவர்கள் ஊர்க்காரர்கள், நேற்றுவரை அதே பேரரசின் சீருடையைப் போட்டவர்கள். இம்ரே செய்ததைப் பின்னர் வந்த விசாரணை ஆணையம் குறை கூறவில்லை. கோட்டைக்குள் கூட்டம் நுழைந்திருந்தால் இன்னும் அதிக உயிர் போயிருக்கும் என்ற வாதம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இருக்கலாம். ஆனால் அனுமதி பெற்ற ஓர் ஊர்வலத்தை எதிர்கொள்ள அந்த முக்கியமான சந்தியில் ஏன் அவ்வளவு சிலரே நின்றார்கள்? மனுவை வாங்க ஆளுநரோ மூத்த அதிகாரி ஒருவரோ ஏன் வெளியே வரவில்லை? ஒரு அதிகாரியின் விரலைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்விகள் ஒதுங்கிவிடுகின்றன.

சூடு நடந்த சேதி கடைத்தெருவுக்கு எட்டியது. அங்கே காலையிலிருந்தே ஏமாற்றத்தோடு நின்ற கூட்டம் இருந்தது. யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் கட்டடங்கள் எரிந்தன. மற்ற ஐரோப்பியக் கடைகளும், சிரிய, லெபனான் வணிகர்களின் கடைகளும் சூறையாடப்பட்டன. அஷர் கோட்டைச் சிறையின் கதவு உடைந்து கைதிகள் வெளியேறினார்கள். சில நாட்களில் குமாசி, கோஃபோரிடுவா, ன்சாவம் என்று உள்நாட்டு நகரங்களுக்கும் பரவியது. மார்ச் 1இல் நெருக்கடி நிலை. நைஜீரியாவிலிருந்து படை வரவழைக்கப்பட்டது.

சதி தேடிய அரசு

ஆளுநர் ஜெரால்ட் கிரீசி பதவியேற்று ஏழு வாரம்கூட ஆகவில்லை. அவர் வந்து சேர்ந்தது, லண்டன் குடியேற்ற அலுவலகம் ‘மாதிரிக் காலனி’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட இடத்துக்கு. முந்தைய ஆளுநர் ஆலன் பர்ன்ஸ் 1946இல் ஓர் அரசமைப்பு கொடுத்திருந்தார். சட்டமன்றத்தில் ஆப்பிரிக்கர்களுக்குப் பெரும்பான்மை, ஆப்பிரிக்கக் காலனிகளில் அதுவரை இல்லாத சலுகை. ஆனால் பெரும்பாலான உறுப்பினர்கள் ஊர்த் தலைவர்களின் மன்றங்கள் வழியே வந்தவர்கள். அதிகாரம் ஆளுநரிடமே இருந்தது. இவ்வளவு கொடுத்த பிறகும் கலவரம் என்றால், யாரோ தூண்டிவிட்டிருக்க வேண்டும் என்று அரசு முடிவு கட்டியது.

டான்குவாவும் நிக்ரூமாவும் லண்டனுக்குத் தந்தி அடித்து, இடைக்கால அரசு வேண்டும் என்று கேட்டது அந்தச் சந்தேகத்தை வளர்த்தது. மார்ச் 12 அன்று ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள்: டான்குவா, நிக்ரூமா, எட்வர்ட் அகுஃபோ-அட்டோ, வில்லியம் ஒஃபோரி-அட்டா, இம்மானுவேல் ஒபெட்செபி-லாம்ப்டே, எபனேசர் அகோ-அட்ஜெய். குமாசிக்கும் பிறகு வடக்குப் பகுதிக்கும் கொண்டுபோகப்பட்டுத் தனித்தனியே வைக்கப்பட்டார்கள். நிக்ரூமாவுக்குக் கிடைத்த இடம் லாவ்ரா, எல்லையோரச் சிற்றூர். அவரிடம் கையெழுத்துப் போடாத ஒரு கம்யூனிஸ்ட் கட்சி அட்டை கிடைத்தது என்பது பெரிய ஆதாரமாகப் பேசப்பட்டது.

இந்த ஆறு பேரில் யாரும் துணி விலையை நிர்ணயிக்கவில்லை. கோகோ மரத்தை வெட்டவில்லை. புறக்கணிப்பு நடத்தியது ஓர் ஊர்த் தலைவர், ஊர்வலம் நடத்தியது படைவீரர் சங்கம். கட்சிக்கு அப்போது வயது ஏழு மாதம். கைது செய்ததன் விளைவு, அதுவரை படித்தவர்கள் வட்டத்துக்குள் இருந்த ஆறு பெயர்கள் ஒரே வாரத்தில் நாடு முழுக்கத் தெரிந்தன. இன்றும் கானாவில் அவர்களைப் ‘பெரிய அறுவர்’ என்றே சொல்கிறார்கள். கேப் கோஸ்ட் பள்ளிகளில் கைதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்காக நிக்ரூமா ஜூலை 20இல் ஒரு பள்ளி தொடங்கினார். கானா தேசியக் கல்லூரி என்று பெயர் வைத்தார். கானா என்ற நாடு வர இன்னும் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு இருந்தது.

வாட்சன் ஆணையம்

லண்டன் அனுப்பிய விசாரணைக் குழுவில் மூன்று பேர்: வழக்கறிஞர் ஐக்கன் வாட்சன், ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரித் தலைவர் கீத் மரே, தொழிற்சங்கவாதி ஆண்ட்ரூ டால்கிளீஷ். ஏப்ரலில் வந்தார்கள். அறுவரும் விடுதலையாகிச் சாட்சி சொன்னார்கள். நிக்ரூமாவைப் பற்றி ஆணையத்துக்குச் சந்தேகம் இருந்தது, அதை எழுதவும் செய்தது. ஆனால் அதோடு நிற்காமல், படைவீரர் குறை, விலைவாசி, கோகோ மரம், வேலையின்மை, வீட்டுப் பஞ்சம், அரசியல் உரிமையின்மை என்று காரணங்களைப் பரந்து தேடியது. இரண்டு ஆண்டுக்கு முன் கொடுத்த அரசமைப்பைப் பிறக்கும்போதே காலாவதியானது என்று எழுதியது. ஒரு பேரரசின் ஆணையம் தன் அரசின் முகத்துக்கு நேரே அப்படி எழுதுவது சாதாரண விஷயமல்ல.

அறிக்கை ஆகஸ்டில் வெளிவந்தது. டிசம்பரில் நீதிபதி ஹென்லி கூசி தலைமையில், ஆப்பிரிக்கர்கள் மட்டுமே கொண்ட 40 பேர் குழு புதிய அரசமைப்பு எழுத நியமிக்கப்பட்டது. அறுவரில் ஐவருக்கு அதில் இடம். நிக்ரூமாவுக்கு இல்லை. அவர் செப்டம்பரில் அக்ரா ஈவினிங் நியூஸ் என்ற நாளிதழைத் தொடங்கியிருந்தார். குழுவில் உட்கார்ந்தவர்களுக்கும் வெளியே நின்றவருக்கும் இடையில் வழி பிரிந்தது. 1949 ஜூனில் அவர் தனிக் கட்சி தொடங்கினார், 1950இல் காந்தியின் முறையைப் பின்பற்றி அறப்போராட்டம் அறிவித்துச் சிறை போனார், 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறையிலிருந்தபடியே வென்று, ஆளுநருக்குக் கீழ் அரசு அலுவல்களின் தலைவரானார்.

கோகோ மரம் என்ன ஆயிற்று என்றால், கலவரத்துக்குப் பின் வெட்டுவது நிறுத்தப்பட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களும் வெட்டுவதைத் தவிர வழியில்லை என்றார்கள். நிக்ரூமாவின் அரசும் கடைசியில் அந்த வழிக்கே வர வேண்டியிருந்தது. அறிவியல் 1947இலும் அதேதான், 1951க்குப் பிறகும் அதேதான். முதலில் விவசாயியிடம் கேட்காமல் வெட்டினார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28 அன்று ஓசுவில் மூன்று படைவீரர்களுக்கும் மலர்வளையம் வைக்கிறார்கள். அட்ஜெட்டே, அட்டிப்போ, ஒடார்ட்டே லாம்ப்டே. கானாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர்கள். அதற்கடுத்த நாட்களில் கடைத்தெருவிலும் குமாசியிலும் கோஃபோரிடுவாவிலும் விழுந்தவர்களைப் பற்றிப் படிக்கத் தேடினால் பெரும்பாலும் 29 என்ற எண்ணுக்குள்தான் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தச் சனிக்கிழமை காலை துணி வாங்கக் காசோடு கிளம்பியவர்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.